கரித்தூள் டப்பா

ஏம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வெச்சீங்கன்னா நான் இப்படி உக்காந்துக்குவேன். ஆங், போதும் போதும். என் பை என் மடியிலேயே இருக்கட்டும், பரவால்ல. உங்களைச் சொல்லலை. ஆஸ்பத்திரின்னா நாலு பேரு வந்து போற இடம், யாரு எப்படின்னு நமக்கென்ன தெரியும். வாயில வெத்தலை இருக்குது, அதான் முந்தானையை வெச்சுக்கிட்டுப் பேசறேன். தப்பா நினைச்சுக்காதீங்க.

அந்த நர்சுப் பொண்ணு ரெண்டு தரம் வந்து, துப்பிட்டு வாங்கம்மா, துப்பிட்டு வாங்கம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கா வைத்தியம் பாக்கறாங்க? நான் துணைக்கு வந்தவ. துணைக்கு வந்தவ வாயில என்ன இருந்தா அவளுக்கென்ன? கேட்டா ரூல்சுங்கறா. எனக்கென்னவோ வந்ததுலருந்து அவ என் வாயையே பாக்கற மாதிரி இருக்குது.

உள்ள இருக்கறது என் மருமக. வினோதினின்னு பேரு. கல்யாணமாகி நாலு மாசம் ஆகுது. என் பையன் திருமால் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஃபிட்டரா இருக்கான். சனிக்கிழமை வருவான், திங்கக்கிழமை விடியறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிச்சு ஓடிடுவான். அவங்கப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. மத்த நாள்ல வீட்ல நானும் அவளும்தான். நான் அவளைப் பாத்துக்கிட்டு, அவ என்னைப் பாத்துக்கிட்டு.

யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, உங்களைப் பாத்தா சொல்றவங்களாத் தெரியலை, அதான் சொல்றேன். ஆமா, நீங்க எந்த ஊரு? சேலமா. சரி சரி. சேலம்னா பரவால்ல, எங்க சொந்தக்காரங்க யாரும் அங்க இல்லை.

பொண்ணு பாக்கப் போனோம். அவ வாயே திறக்கலைம்மா. கேட்டதுக்கெல்லாம் தலையை ஆட்டினா. சிரிச்சா, ஆனா உதட்டை இறுக்கிக்கிட்டு. நான் என்ன நினைச்சேன்? அடக்கமான பொண்ணுன்னு நினைச்சேன். கல்யாணத்துலயும் அப்படியேதான். போட்டோக்காரன் தொண்டை வத்தக் கத்தறான், சிரிங்கம்மா, சிரிங்கம்மான்னு. அவ உதடு பிரியலை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

மறுவீடெல்லாம் முடிஞ்சு என் நாத்தனார் வீட்ல விருந்து. நாத்தனார் வீட்டுக்காரர் இலையில பாயசம் ஊத்தறேன்னு தன் வேட்டியிலயே ஊத்திக்கிட்டார். எல்லாரும் சிரிச்சோம். அவளும் தன்னை மறந்து சிரிச்சுட்டா. பாத்தேன். மேல் வரிசையில முன்னால நாலு பல்லும் பழுப்பு. கோடு கோடா, புளியைக் கரைச்சுத் தடவினாப்புல. எனக்கு அதுக்கப்புறம் சோறு இறங்கலை.

மறைச்சுக் கட்டிட்டாங்கம்மா! இப்படியும் ஒரு ஏமாத்து உண்டா? பொண்ணைக் குடுக்கறவங்க நல்லதோ கெட்டதோ முன்னாடியே சொல்லிட வேணாமா? நானா இருந்தா சொல்லியிருப்பேன். சமையல்கட்டுல நாத்தனார்கிட்ட சொல்லி ஆத்திக்கிட்டேன். மெதுவாத்தான் சொன்னேன். "இவளை ஓசூர்ல நாலு பேரு முன்னாடி எப்படி நிறுத்துவான் என் புள்ளை? வாயைத் திறந்தா நம்ம மானம் போயிடும்"னு. மருமக அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கை கழுவிக்கிட்டு இருந்தா. கேட்டிருக்காது. குழாய்த் தண்ணி சத்தம் இருந்துச்சு. நடுவுல குழாய் நின்னாப்புலயும் இருந்துச்சு, ஆனா கேட்டிருக்காது.

என்ன பாக்கறீங்க? என் பல்லா? இது வெத்தலைக் கறைம்மா. அது வேற, இது வேற. இன்னைக்கு வெத்தலையை விட்டேன்னா ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும். நான்தான் விடறதில்லை. கல்யாணமான நாள்லருந்து போடறேன், முப்பத்தொரு வருஷம். பித்தத்துக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. யாருன்னு இப்ப ஞாபகம் இல்லை.

அதை விடுங்க. விஷயத்துக்கு வரேன். பங்குனி மாசம் ஊறுகாய் போடலாம்னு பதினஞ்சு எலுமிச்சம்பழம் வாங்கிக் கூடையில வெச்சேன். நான் எதையும் எண்ணித்தான் வெப்பேன். மறுநாள் பாத்தா பதினாலு. அதுக்கு மறுநாள் பதிமூணு. எலி எலுமிச்சம்பழம் திங்குமா? திங்காது. அப்ப யாரு? முதல்ல எனக்குச் சந்தோசம்தான் வந்துச்சு, பொய் சொல்லலை. புளிப்பு தேடறாளே! எதிர் வீட்டு ராஜாமணிகிட்ட மட்டும் காதோட காதா சொன்னேன். அவ தெரு பூரா சொல்லிட்டா. பத்து நாள்ல மருமக தலைக்கு ஊத்திக்கிட்டா. போச்சா? தெருவே என்னைப் பாத்துச் சிரிச்சுது. அப்புறம்தான் எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. மாசமா இல்லைன்னா பழம் எங்க போகுது?

அன்னைலருந்து கவனிக்க ஆரம்பிச்சேன். கல்லுப்பு ஜாடி இறங்கிக்கிட்டே போகுது. ஆப்ப சோடா பொட்டலம் பாதியாயிடுச்சு, வீட்ல ஒரு நாள் ஆப்பம் சுட்டதில்லை. வெந்நீர் அடுப்புல அணைஞ்ச கரியை நான் ஒரு சட்டியில எடுத்து வெப்பேன். அதுல நல்ல கட்டியாப் பாத்துக் காணாமப் போகுது. விடிஞ்சும் விடியாம பின்னாடி குளிக்கற ரூமுக்குள்ள போயித் தாப்பாள் போட்டான்னா அரை மணி நேரம். வெளிய வந்தா உதட்டோரம் கறுப்பு. சாக்கடையில கறுப்புத் தண்ணி. நானும் அவளுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் பல்லை விளக்கி வெத்தலையைப் போட்டுட்டு உக்காந்திருவேன், அது என் வழக்கம். அதனால எனக்கு எல்லாம் தெரியும்.

ஒரு நாள் அவ கடைக்குப் போன நேரமாப் பாத்து அந்தக் குளிக்கற ரூமுக்குள்ள போயித் தேடினேன். கூரைத் தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பவுடர் டப்பா. திறந்தா கரித்தூள். மையாட்டம் இடிச்சு, துணியில சலிச்சு வெச்சிருக்குது. பக்கத்துல பிழிஞ்ச எலுமிச்சம்பழ மூடி நாலு. காகிதத்துல மடிச்ச உப்பு. எலுமிச்சை, உப்பு, கரி! நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு என்ன தோணும்? சிரிக்காதீங்க. பல் ஆஸ்பத்திரியில உக்காந்து கேக்கறதால சிரிப்பு வருது. அங்க அந்த ரூமுக்குள்ள தனியா நின்னு பாத்திருந்தீங்கன்னா டப்பாவைப் போட்டுட்டு ஓடியிருப்பீங்க. செய்வினைதான், வேற என்ன?

அதோட இன்னொண்ணு. அவ சாப்பாடு குறைஞ்சு போச்சு. மோர் ஊத்தினா வேணாம் அத்தை. பானைத் தண்ணி குடுத்தா வேணாம் அத்தை. சூடா ரசம் ஊத்தினா முகம் அஷ்டகோணலாப் போகுது. ஒரு கன்னத்துல ஒதுக்கி ஒதுக்கித் திங்கறா. நான் என்ன நினைப்பேன்? வெச்சவளுக்குத்தானே தெரியும், எதுல என்ன வெச்சிருக்குன்னு! நானும் அவ ஆக்கினதைத் தொடறதை விட்டேன். ஒருத்தி ஆக்கினதை ஒருத்தி சாப்பிடாம பதினஞ்சு நாள் ஓடிச்சும்மா. எனக்கு முட்டி வலி அதிகமாச்சு. அது நாலு வருஷமா இருக்கறதுதான், ஆனா அதிகமாச்சு.

குறி சொல்றவர் ஒருத்தர் இருக்கார், யாருன்னு வேணாம். டப்பாவை மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. கண்ணை மூடிக்கிட்டு, "உன் வீட்டுக்குள்ளயே ஒரு பொம்பளை ஒண்ணை மறைச்சு வெச்சுக்கிட்டு நடமாடறா. ரொம்ப வருஷமா மறைச்சிருக்கா"ன்னார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. வீட்ல இருக்கறது ரெண்டே பொம்பளை. என்னை விட்டா வேற யாரு? அவ வந்து மூணு மாசம்தானே ஆகுது, ரொம்ப வருஷம்ங்கறாரேன்னு யோசிக்கணும்னு கூட எனக்குத் தோணலை.

டப்பாவைக் காணோம்னு அவ ரெண்டு நாள் குட்டி போட்ட பூனையாட்டம் பின்பக்கம் சுத்தினா. என்கிட்ட கேக்கலை. எப்படிக் கேப்பா? நான் ஞாயித்துக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

திருமால் வந்தான். சாப்பிட்டான். நாத்தனாரையும் அவ வீட்டுக்காரரையும் சாட்சிக்கு வரச்சொல்லியிருந்தேன். ஹால்ல நடுவுல டப்பாவை வெச்சேன். தட்டுல கற்பூரத்தை ஏத்தினேன். "இந்த வீட்ல எனக்கோ என் புள்ளைக்கோ எதுவும் வெக்கலைன்னு இதை அடிச்சு சத்தியம் பண்ணு"ன்னேன். திருமாலுக்கு ஒண்ணும் புரியலை. என்னம்மா இது, என்னம்மா இதுன்னு ரெண்டு பக்கமும் பாக்கறான். அவ டப்பாவைப் பாத்தா, கற்பூரத்தைப் பாத்தா, கடைசியா என்னைப் பாத்தா. என் முகத்தைக் கூட இல்லைம்மா, என் வாயைப் பாத்தா. கொஞ்ச நேரம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தா. ஏதோ சொல்ல வர்றான்னு நினைச்சேன். சொல்லலை.

குனிஞ்சு டப்பாவை எடுத்தா. விரலால கரியைத் தொட்டா. அத்தனை பேரு முன்னாடியும் வாயைத் திறந்து தேய்க்க ஆரம்பிச்சுட்டா. நறநறன்னு சத்தம். எனக்கே பல்லு கூசுது. தேய்க்கறா, தேய்க்கறா, ஈறு கிழிஞ்சு ரத்தம் வந்து கரியோட சேர்ந்து மோவாயில ஒழுகுது. திருமால் கையைப் பிடிச்சு இழுக்கறான், விடமாட்டேங்கறா. அப்புறம் சொம்புல துப்பினா. துப்பிட்டு என்னைப் பாத்து, "நாப்பது நாளாத் தேய்க்கிறேன் அத்தை. போகமாட்டேங்குது"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. அழக்கூட இல்லை. கற்பூரம் அது பாட்டுக்கு எரிஞ்சு அணைஞ்சுது. நாத்தனாரும் அவ வீட்டுக்காரரும் செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க.

போன்ல எவனோ போட்டிருந்தானாம். எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, ஆப்ப சோடா, கரித்தூள், ஏழே நாள்ல முத்துப் பல்லுன்னு. ஏழு நாள்ல ஆகலைன்னதும் இன்னும் அழுத்தித் தேய்க்கணும் போலன்னு இவ தேய்ச்சிருக்கா. எதுக்குடி இப்படிப் பண்ணினேன்னு திருமால் கேக்கறான். அவ முந்தானையால மோவாயைத் துடைச்சா. நாத்தனார் வீட்டு சமையல்கட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. அப்பதான் எனக்கு லேசா ஒரு சந்தேகம், அந்தக் குழாய் அன்னைக்கு நின்னுதான் இருந்துச்சோன்னு.

மறுநாள் அவன் லீவு போட்டுட்டு இங்க கூட்டிக்கிட்டு வந்தான். நானும் வந்தேன். எதுக்குன்னா, ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட என்னைப் பத்தி என்ன வத்தி வெக்கறாங்கன்னு பாக்கணுமில்ல? டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பாத்துட்டு அவளை ஏகத்துக்குத் திட்டினாங்க. இது மேல ஒட்டின கறையே இல்லையாம். சின்ன வயசுல ஈறுக்குள்ள பல்லு உருவாகறப்பவே ஏறினதாம். போர்த் தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருக்கற ஊர்ல இப்படி வருமாம். உள்ள இருக்கறதை மேல தேய்ச்சா எப்படிப் போகும்னாங்க. எலுமிச்சம்பழம் பல்லோட மேல்பூச்சை அரிச்சுடுமாம், உப்பும் கரியும் அதைச் சுரண்டி எடுத்துடுமாம். அதனாலதான் மோர் பட்டாலும் கூசுது, ரசம் பட்டாலும் கூசுது. என் சமையல்ல ஒண்ணும் இல்லை பாத்துக்கோங்க.

"அப்ப வீட்ல என்னதான் டாக்டர் பண்றது?"ன்னு நான்தான் கேட்டேன். மெத்துன்னு ஒரு பிரஷ்ஷு, பட்டாணி அளவு பேஸ்ட், காலையில ஒரு தரம், படுக்கப் போறப்ப ஒரு தரம், மெதுவா. டீ, காபி குடிச்சா வாயைக் கொப்புளிக்கணும். "அவ்வளவுதாம்மா வீட்ல செய்யறது. வெளுக்கறது, பூசறதெல்லாம் என்கிட்ட விட்டுடுங்க"ன்னாங்க. எனக்கு அதுலயும் நம்பிக்கை வரலை. பட்டாணி அளவுதான்னா டிவியில எதுக்குப் பிரஷ்ஷு நீளத்துக்குப் பேஸ்டைப் போட்டுக் காட்டறான்? இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க.

அப்புறம் அவளைக் கேட்டாங்க, எந்த ஊர்த் தண்ணி குடிச்சும்மா வளர்ந்தேன்னு. அவ பென்னாகரம் பக்கத்துல தன் ஊரைச் சொன்னா. அந்தப் பக்கம் நிறைய பேருக்கு இருக்குது, இப்பதான் ஆத்துத் தண்ணி வருதே, அதைக் குடிச்சு வளர்ற புள்ளைங்களுக்கு இந்தத் தொந்தரவு இருக்காதுன்னாங்க. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க எந்த ஊரும்மா?"ன்னாங்க. தருமபுரின்னு சொல்லிட்டேன். அதுல என்ன பொய்? வாழ்க்கைப்பட்டது தருமபுரிதானே. பொறந்த ஊரு அவங்களுக்கு எதுக்கு? அவ ஊருக்கும் என் ஊருக்கும் நடுவுல ஒரு ஏரிதான் இருக்குது, அதை நான் சொல்லலை.

இன்னையோட இவளுக்கு மூணாவது தரம். ஏதோ மருந்து வெச்சு, மேல பல்லு நிறத்துலயே பூசறாங்களாம். நல்லாத்தான் வந்திருக்குது. திருமால் ஓசூர்ல வீடு பாத்துட்டான். அடுத்த மாசம் அவளைக் கூட்டிக்கிட்டுப் போறானாம். என்னைப் பாத்து, "நீ இங்கயே இரும்மா, சந்தேகப்பட ஆளில்லாம நிம்மதியா இருக்கலாம்"ங்கறான். பெத்த புள்ளை பேசற பேச்சா இது? ரெண்டு நாள் நான் சரியாத் தூங்கலை. ஆளில்லாத வீட்ல நான் யாருக்கு ரசம் வெக்கறது, சொல்லுங்க?

ஆனா அவ, அத்தை இல்லாம நான் வரமாட்டேன்னு சொல்லியிருக்கா. அதுதாம்மா எனக்குப் புரியலை. கற்பூரத்தை ஏத்தி அவமானப்படுத்தினவளை எதுக்கு ஒருத்தி கூடவே கூட்டிக்கிட்டுப் போகணும்னு சொல்லணும்? இன்னைக்கும் பாருங்க, நான் வரலைடின்னேன். நீங்க வந்தாத்தான் நான் போவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. உள்ள ஏதோ இருக்குது. எனக்குத் தெரியாம இருக்குமா?

என்னது? யாரைக் கூப்பிடறா? பச்சையம்மாளா? அது நான்தான். என் பேரை எதுக்குக் கூப்பிடறா? நான் சீட்டே போடலையே. இருங்கம்மா, என் மருமக வேற கதவுகிட்ட நின்னுக்கிட்டுக் கையை ஆட்டறா. என்னன்னு கேட்டுட்டு வரேன்.

வந்துட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இல்லை, தண்ணியெல்லாம் வேணாம், இருக்குது, இதோ கையில டம்ளர் குடுத்திருக்கா.

மருமகதான் சீட்டுப் போட்டிருக்காம்மா. காலையில தனக்குப் போடறப்பவே எனக்கும் சேர்த்துப் போட்டிருக்கா. எனக்கு எதுக்குடின்னு அதட்டினேன். பக்கத்துல வந்து காதுல சொல்றா, "அத்தை, விடியக்காலையில நீங்க தொட்டிகிட்ட பல்லு விளக்கறப்ப நான் உங்களுக்கு முன்னாடியே எந்திரிச்சுக் குளிக்கற ரூம்ல இருந்தேன். நம்ம வீட்டுக்கு வந்த முதல் வாரமே பாத்துட்டேன்"னு.

முதல் வாரமே பாத்துட்டாம்மா.

என்ன பாக்கறீங்க. ஆமா. வெத்தலைக் கறை இல்லை. வெத்தலைக்கு அடியில எனக்கும் அதேதான், அவளை விட மோசம். என் கல்யாண போட்டோவிலயும் என் உதடு பிரிஞ்சிருக்காது. வயசுக்கு வந்ததுலருந்து செங்கல்லைப் பொடி பண்ணித் தேய்ச்சேன், ரெண்டு வருஷம். எனக்கும்தான் மோர் கூசுச்சு. இன்னைக்கும் கூசுது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பறப்ப எங்கம்மா மடியில வெத்தலையைக் கட்டி விட்டு, இதை வாயை விட்டு எடுக்காதடின்னா. எடுக்கலை. இவ மாமனார் என் பல்லைப் பாக்காமலே போய்ச் சேர்ந்துட்டார். அந்த டப்பாவைத் திறந்தப்ப செய்வினைன்னு நினைச்சேன்னு சொன்னேனில்ல? எனக்குப் புரிஞ்சிருக்கணும்மா. உலகத்துல வேற யாருக்குப் புரியலைன்னாலும் எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

அன்னைக்கு ஹால்ல என் வாயையே பாத்துக்கிட்டு நின்னாளே. "அத்தை பல்லைக் கழுவிட்டுக் காட்டச் சொல்லுங்க"ன்னு ஒரே வார்த்தை சொல்லியிருந்தா என் கதை அங்கயே முடிஞ்சிருக்கும். என் புள்ளை முன்னாடி, நாத்தனார் முன்னாடி. சொல்லலையே. தன் ஈறைக் கிழிச்சுக்கிட்டா, என்னைக் காட்டிக் குடுக்கலை. ஏண்டி சொல்லலைன்னு இப்பக் கேட்டேன். "நீங்க மறைச்சு வெச்சிருந்தீங்க அத்தை, அதை நான் எப்படிச் சொல்றது?"ங்கறா. எனக்கு வெக்கமா இருக்குதும்மா. இந்த வயசுல ஒரு சின்னப் பொண்ணு முன்னாடி தலை நிமித்த முடியலை.

இந்தாங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. வீட்டுச் சாவி, போன் எல்லாம் அதுலதான் இருக்குது. இருக்கட்டும், பிடிங்க. அந்த வாஷ்பேசின்ல துப்பிட்டு, நல்லாக் கொப்புளிச்சுட்டு வரணும்னு சொல்லியிருக்கா. வர்றப்ப உங்க முன்னாடிதான் வரணும். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கோங்க.

இல்லை, வேணாம். இப்படியே இருங்க. நான் முந்தானையை எடுத்துட்டுத்தான் வரப்போறேன்.